ரெண்டு சீசன்: சாம்பவர்வடகரையில் இருந்து மெட்ராஸ் மார்கழிக்கு

இந்த எபிசோடை சுந்தரபாண்டியபுரத்துல எங்க வீட்டு மச்சுல உக்காந்து பதிவு பண்றேன். மார்கழி மாசம், காலைல அஞ்சு மணி. பின்னாடி கோயில் ஸ்பீக்கர் சத்தம் கேக்கும். எடிட்ல எடுக்கப் பாத்தேன், முடியல, விட்டுட்டேன்.

சென்னையில வேலைக்குச் சேர்ந்த முதல் டிசம்பர்ல ஒரு சபா கேன்டீனுக்குப் போனேன். பாட்டு கேக்க இல்ல, கீரை வடை சாப்பிட. எதிர்ல இருந்த ஒரு மாமா, "எந்த ஊருப்பா?"ன்னு கேட்டார். "தென்காசிப் பக்கம் சார், குத்தாலத்துக்கிட்ட"ன்னேன். "அடடே, சீசன் எப்படி இருக்கு?"ன்னார். "சீசன் ஆகஸ்ட்டோட முடிஞ்சுட்டு சார்"ன்னேன். அவர் ஒரு நிமிஷம் முழிச்சார். அப்புறம் ரெண்டு பேருமே சிரிச்சோம். சென்னைல சீசன்னா டிசம்பர் கச்சேரி. எங்களுக்கு சீசன்னா ஜூன், ஜூலை, ஆகஸ்ட். மலைக்கு அந்தப்பக்கம் கேரளாவுல மழை பெய்யும், இங்க சாரல் அடிக்கும், அருவியில தண்ணி கொட்டும், ஊர் நிறைஞ்சுடும். பனிக்காலத்துல குத்தாலத்துல இருக்கிற கூட்டம் ஐயப்ப சாமிகள் கூட்டம். மாலை போட்டவங்க அருவியில குளிச்சிட்டு செங்கோட்டை வழியா மலையேறிப் போவாங்க. கச்சேரிக்கும் அவங்களுக்கும் சம்பந்தம் இல்ல.

அந்த மெட்ராஸ் சீசனுக்கும் எங்க ஏரியாவுக்கும் எந்தத் தொடர்பும் இல்லைன்னுதான் ரொம்ப நாளா நினைச்சிட்டிருந்தேன். அது எவ்வளவு பெரிய தப்புங்கிறதுதான் இன்னைக்கு எபிசோட்.

முதல்ல சீசன் எப்படி வந்துச்சுன்னு சுருக்கமா பாத்துடுவோம். 1927 டிசம்பர்ல மெட்ராஸ்ல காங்கிரஸ் மாநாடு நடந்துச்சு. அதோட சேர்த்து ஒரு அகில இந்திய இசை மாநாடும் வச்சாங்க. அங்க எடுத்த முடிவுப்படி 1928 ஆகஸ்ட் 18 அன்னைக்கு மியூசிக் அகாடமி தொடங்குச்சு. சர் சி.பி. ராமசாமி ஐயர் தொடங்கி வச்சார். கொஞ்ச வருஷத்துல டிசம்பர் மாசம்னா மாநாடும் கச்சேரியும்னு ஆகிப்போச்சு. காலைல வித்வான்கள் உக்காந்து ராகம், சுருதி, லட்சணம்னு விவாதம் பண்ணுவாங்க, சாயங்காலம் கச்சேரி. அகாடமிக்குச் சொந்த அரங்கம் வந்தது 1962-லதான்.

ஏன் டிசம்பர்? பெரிய தத்துவம் ஒண்ணும் இல்ல. வடகிழக்குப் பருவமழை ஓய்ஞ்சிருக்கும், வெயில் இருக்காது, கோர்ட்டுக்கு கிறிஸ்துமஸ் லீவு. சபா நடத்தினவங்கள்ல வக்கீல்கள் நிறைய, அதையும் மறந்துடக் கூடாது. இதே பனிக்கால ஜன்னல்லதான் கிரிக்கெட்டும் வந்துச்சு. சேப்பாக்கத்துல பொங்கல் டெஸ்ட்னு ஒரு வழக்கமே இருந்துச்சு. 1982 ஜனவரியில இங்கிலாந்துக்கு எதிரா விஸ்வநாத் 222 அடிச்சது, 1988 ஜனவரியில ஹிர்வானி முதல் டெஸ்ட்லயே 16 விக்கெட் எடுத்து வெஸ்ட் இண்டீஸைச் சுருட்டினது எல்லாம் பொங்கல் லீவுல மக்கள் பாத்த ஆட்டம். ஜனவரி டென்னிஸ் 2018-ல புனேக்குப் போயிடுச்சு. மதுரைப் பக்கம் பொங்கல்னா ஜல்லிக்கட்டு, அதுக்காக 2017 ஜனவரியில மெரினாவுல என்ன நடந்துச்சுன்னு நம்ம எல்லாருக்கும் தெரியும். எங்க ஊர்ப்பக்கம் பொங்கல் விளையாட்டுன்னா உறியடி, ஸ்லோ சைக்கிள், மியூசிக்கல் சேர், பரிசா ஒரு எவர்சில்வர் தட்டு. நான் ஸ்லோ சைக்கிள்ல ரெண்டு தட்டு ஜெயிச்சிருக்கேன், அது வரலாற்றுல வராது.

சரி, விஷயத்துக்கு வாரேன்.

சுந்தரபாண்டியபுரத்துக்கு அடுத்த ஊர் சாம்பவர்வடகரை. சைக்கிள்ல போயிடலாம். சின்ன வயசுல எத்தனையோ தடவை போயிருக்கேன். அந்த ஊர்ல 1859-ல பிறந்தவர் ஆபிரகாம் பண்டிதர். பேரை எங்கேயோ கேட்ட மாதிரி இருக்கும். எனக்கும் அப்படித்தான் இருந்துச்சு, இன்ஜினியரிங் முடிக்கிற வரைக்கும்.

பண்டிதர் திண்டுக்கல்ல ஆசிரியர் பயிற்சி படிச்சார், சித்த மருத்துவம் கத்துக்கிட்டார், தஞ்சாவூர்ல போய் குடியேறினார். அவர் செஞ்ச கோரோசனை மாத்திரை நல்லா வித்துச்சு, நல்ல வருமானம். அந்தக் காசை என்ன பண்ணினார்ங்கிறதுதான் கதை. 1912 மே மாசம் தஞ்சாவூர்ல 'சங்கீத வித்தியா மகாஜன சங்கம்'னு ஒண்ணை ஆரம்பிச்சு, தன் செலவுல வித்வான்களை வரவழைச்சு மாநாடு நடத்தினார். ஒண்ணு ரெண்டு இல்ல, அடுத்த சில வருஷத்துக்குள்ள ஆறு மாநாடு. அதாவது, வித்வான்களை ஒரே கூரைக்குக் கீழ உக்கார வச்சு, நீ பாடுற ராகத்துக்கு என்ன கணக்கு, உன் சுருதிக்கு என்ன ஆதாரம்னு பேச வைக்கிற வேலை. 1928-க்குப் பிறகு அகாடமியில காலை வேளையில நடந்ததும் இதேதானே? நான் இதை நேரடி வாரிசுன்னு சொல்லல. ஆனா மெட்ராஸ்ல அந்த விவாதம் தொடங்குறதுக்கு 16 வருஷம் முன்னாடியே எங்க பக்கத்து ஊர்க்காரர் ஒருத்தர் மாத்திரை வித்த காசுல அதை நடத்திக் காட்டிட்டார்.

1916 மார்ச்ல பரோடாவுல அகில இந்திய இசை மாநாடு. அங்க பண்டிதர் தன்னோட சுருதிக் கொள்கையை முன்வைச்சார், அவர் மகள்கள் பாடியும் வீணை வாசிச்சும் காட்டினாங்க. மறு வருஷம், 1917-ல, 'கருணாமிர்த சாகரம்' புத்தகம் வந்துச்சு. ஆயிரம் பக்கத்துக்கு மேல. தலகாணிக்குப் பதிலா வச்சுக்கலாம், சும்மா சொல்லல.

இந்த இடத்துல கொஞ்சம் கணக்கு. பயப்படாதீங்க.

ஒரு ஸ்தாயி, அதாவது கீழ் ச-வுல இருந்து மேல் ச வரைக்கும் போனா, அதிர்வெண் ரெண்டு மடங்கு ஆகும். அதுக்குள்ள எத்தனை சுருதி? சாரங்கதேவரோட 'சங்கீத ரத்னாகரம்' வழியில வந்தவங்க 22-ன்னு சொல்லுவாங்க, அதுவும் சம இடைவெளி இல்லாம. பண்டிதர் இதை ஏத்துக்கல. சிலப்பதிகாரத்தையும் அதோட உரைகளையும் எடுத்து வச்சுக்கிட்டு, ஆயப்பாலையில 12, வட்டப்பாலையில 24, எல்லாம் சமமான விகிதத்துல ஏறுதுன்னு வாதாடினார். 12-ஆப் பிரிச்சா ஒவ்வொரு படியிலயும் தோராயமா 1.0594-ஆல பெருக்கணும். 12 தடவை பெருக்கினா சரியா 2 வரும். உங்க வீட்டு கீபோர்டுல இருக்கிறதும் இதே எண்தான். நான் இதை லேப்டாப்புல நாலு வரி கோடு எழுதிச் சரிபார்த்தேன். அவர் கையால போட்டு, அட்டவணை அட்டவணையா அச்சடிச்சிருக்கார்.

24-ங்கிறது சரியான்னு கேட்டா, எனக்கு முழு உடன்பாடு இல்ல. பாடுறவங்க குரல் புள்ளியில நிக்கிறதில்ல, வழுக்கிக்கிட்டே போகும். கமகத்தை 22-லயும் அடைக்க முடியாது, 24-லயும் அடைக்க முடியாது. ஆனா அவர் கேட்ட இன்னொரு கேள்வி இருக்கு பாருங்க, அது எந்த எண்ணை விடவும் பெரிசு. இந்தச் சங்கீதத்தோட வேர் சமஸ்கிருத நூல்கள்ல மட்டும்தான் இருக்கா? பண், பாலை, யாழ்னு தமிழ்ல இவ்வளவு எழுதி வச்சிருக்காங்களே, அது வேற எதைப் பத்தி? இந்தக் கேள்வியைக் கேட்டது ஒரு கிறிஸ்தவ சித்த மருத்துவர். 1919 ஆகஸ்ட்ல அவர் இறந்துட்டார். மெட்ராஸ் சீசனை அவர் பாக்கவே இல்ல.

அந்தக் கேள்வி மட்டும் சாகல.

1930-கள்ல கச்சேரி மேடையில என்ன நிலைமை? தியாகராஜர் தெலுங்கு, தீட்சிதர் பெரும்பாலும் சமஸ்கிருதம், சியாமா சாஸ்திரி பெரும்பாலும் தெலுங்கு. தஞ்சாவூரை நாயக்கரும் மராட்டியரும் ஆண்ட காலத்துல தெலுங்கு அரண்மனை மொழியா இருந்தது இதுக்கு ஒரு காரணம். அவங்க உருப்படிகள் மகத்தானதுங்கிறதுல யாருக்கும் சண்டை இல்ல. ஆனா கச்சேரியில தமிழுக்கு என்ன இடம்? கடைசியில. தனி ஆவர்த்தனம் முடிஞ்சு, பாதிப்பேர் செருப்பைத் தேடுற நேரத்துல பாடுற துக்கடா.

அந்தத் துக்கடாவுலயும் எங்க மண்ணு ஒண்ணு இருந்துச்சு. காவடிச்சிந்து. எழுதினவர் அண்ணாமலை ரெட்டியார், சங்கரன்கோவில் பக்கம் சென்னிகுளம். ஊத்துமலை ஜமீன்தார் இருதாலய மருதப்பத் தேவரோட ஆதரவுல இருந்தவர். கழுகுமலை முருகனுக்குக் காவடி எடுத்துட்டு நடக்கிறவங்களுக்கான பாட்டு அது. நடையோட வேகம் அந்தத் தாளத்துலயே இருக்கும். 30 வயசைக்கூட அவர் தாண்டல. மலை ஏறுறதுக்கு எழுதின பாட்டு, மெட்ராஸ்ல ஏசி ஹால்ல கடைசி அயிட்டமா வருது. கேக்கும்போது எனக்குச் சந்தோஷமாவும் இருக்கும், கோவமாவும் இருக்கும்.

1941 ஆகஸ்ட்ல சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்துல ஒரு மாநாடு கூட்டினாங்க. பின்னால ராஜா சர் அண்ணாமலை செட்டியார். கச்சேரியில தமிழ்ப் பாட்டுக்கு முக்கிய இடம் வேணும்னு தீர்மானம். மியூசிக் அகாடமி தரப்பு, சங்கீதத்துல மொழி முக்கியம் இல்ல, தரம்தான் முக்கியம்னு நின்னுச்சு. பத்திரிகைகள்ல பெரிய சண்டை. தமிழ்ப் பக்கம் வரிஞ்சு கட்டிக்கிட்டு எழுதினவர் கல்கி. 'கர்நாடகம்'ங்கிற பேர்ல சங்கீத விமர்சனம் எழுதி ஏற்கனவே வித்வான்களைக் கலங்கடிச்சவர். ராஜாஜியும் இந்தப் பக்கம். இவங்க எல்லாருக்கும் நண்பர், சொல்லப்போனா ரசனையில குரு, எங்க தென்காசி டி.கே.சி.

ரசிகமணி டி.கே. சிதம்பரநாத முதலியார். வக்கீலுக்குப் படிச்சவர், அறநிலையத்துறை கமிஷனரா இருந்தவர், கடைசிக் காலத்தைக் குத்தாலத்துல கழிச்சவர். ராஜாஜியும் கல்கியும் அவரைத் தேடி அங்க வருவாங்க. சாரலுக்கு வந்த மாதிரியும் ஆச்சு, கம்பரைக் கேட்ட மாதிரியும் ஆச்சு. கேக்கிறவனுக்குப் புரியாத மொழியில எவ்வளவு நல்லாப் பாடினாலும், பாட்டோட பாதிதான் வந்து சேருதுங்கிறது அவர் கட்சி. இதுல நான் முழுக்க டி.கே.சி. பக்கம்னு சொல்ல முடியாது. தெலுங்கு ஒரு வார்த்தை தெரியாம தியாகராஜர் கீர்த்தனை கேட்டு நான் கண்ணு கலங்கியிருக்கேன். ஆனா "மொழி முக்கியம் இல்ல"ங்கிற வாதத்தை எப்பவுமே தமிழைக் கடைசியில வைக்கிறவங்க மட்டும் சொன்னா, அந்த வாதத்து மேல சந்தேகம் வரும்தானே? மொழி முக்கியம் இல்லைன்னா முதல் பாட்டைத் தமிழ்ல பாடுறதுல என்ன கஷ்டம்?

1943-ல மெட்ராஸ்ல தமிழ் இசைச் சங்கம் வந்துச்சு. அதே டிசம்பர்ல, அகாடமிக்கு எதிர்ல ஒரு போட்டி சீசன். 1952-ல பாரிமுனைப் பக்கம் ராஜா அண்ணாமலை மன்றம் கட்டினாங்க. பண் ஆராய்ச்சிக் கூட்டம் அங்க வருஷா வருஷம் நடக்கும். பண்டிதர் தஞ்சாவூர்ல பேசின பேச்சு சுத்திச் சுத்தி வந்து ஒரு வழியா ஒரு கட்டடத்துக்குள்ள உக்காந்துச்சு. இன்னைக்குச் சபாக்கள்ல தமிழ்ப் பாட்டு நடுவுலயும் வருது, ராகம் தானம் பல்லவியிலயும் வருது.

இன்னொரு கதையும் இருக்கு. குற்றாலக் குறவஞ்சி. எழுதின திரிகூடராசப்பக் கவிராயர் தென்காசிக்குப் பக்கத்துல மேலகரம். 18-ஆம் நூற்றாண்டு. குத்தாலநாதர் கோயில்ல அரங்கேற்றி, மதுரை நாயக்கர்கிட்ட நிலம் பரிசா வாங்கினார்னு சொல்லுவாங்க, அந்த இடத்துக்குக் குறவஞ்சி மேடுன்னே பேரு. அதை 1944-ல கலாக்ஷேத்திராவுல ருக்மிணி தேவி நாட்டிய நாடகமா மேடையேத்தினாங்க. அப்புறம் எத்தனையோ டிசம்பர்ல எத்தனையோ மேடைக்குப் போயிடுச்சு. வருஷத்தைக் கவனிங்க. தமிழ் இசைச் சங்கம் வந்த மறு வருஷம். தற்செயலா இருக்கலாம். ஆனா தமிழ்ல மேடைக்குத் தகுந்த பெரிய உருப்படி இருக்கான்னு கேட்டவங்களுக்கு ஒரு முழு நாடகமே பதிலா நின்னுச்சு.

குறவஞ்சிகளைக் கோயில்ல ஆடிட்டிருந்தது தேவதாசிக் குடும்பத்துப் பெண்கள். 1947-ல அவங்க பொட்டுக் கட்டுறதைச் சட்டம் தடை பண்ணுச்சு. அதே ஆட்டத்தை அதுக்குள்ள வேற வீட்டுப் பெண்கள் கத்துக்கிட்டு சபா மேடை ஏறிட்டாங்க. மதுரையில அந்தப் பரம்பரையில பிறந்த எம்.எஸ். சுப்புலட்சுமிக்கு அகாடமி சங்கீத கலாநிதி கொடுத்தது 1968-ல. ஒரு பெண்ணுக்கு அந்தப் பட்டம் கிடைச்சது அதுதான் முதல் தடவை. மார்கழி யாருக்குன்னு ஒரு கேள்வி கேட்டா, மொழி மட்டும் வந்து நிக்காது, சாதியும் கூடவே வந்து நிக்கும். அதுக்குத் தனி எபிசோட் வேணும், பண்றேன்.

நேத்து திருவாதிரை. விடியக்காலைல எங்க ஆச்சியைக் கூட்டிக்கிட்டு குத்தாலம் சித்திர சபைக்குப் போனேன். அஞ்சு சபையில ஒண்ணு, சுவரெல்லாம் ஓவியம், முன்னாடி தெப்பக்குளம். நடராஜருக்குத் தாண்டவ தீபாராதனை. நல்ல பனி, ஆச்சி சேலைத் தலைப்பைத் தலையில போத்திக்கிட்டு நின்னுச்சு. திரும்பி வரும்போது சாம்பவர்வடகரை வழியா வண்டியை விட்டேன். "இங்கனதான் ஆச்சி ஆபிரகாம் பண்டிதர்னு ஒருத்தர் பொறந்தார்"ன்னேன். "வைத்தியரா?"ன்னு கேட்டுச்சு. "ஆமா"ன்னேன். "அவரு பாட்டு வேற எழுதுவாராம்லா, எங்க அய்யா சொல்லும்"னுச்சு.

எனக்கு வண்டியை நிறுத்தணும்போல இருந்துச்சு. இருபத்தேழு வருஷமா இந்த ஆச்சிகிட்ட நான் ஒரு தடவைகூடக் கேட்டதில்ல. ஆச்சியோட அய்யா வேற என்னெல்லாம் சொன்னாருன்னு இப்பத்தான் பதிவு பண்ண ஆரம்பிச்சிருக்கேன். ஆச்சிக்கு மைக்கைப் பாத்தா கூச்சம். ஃபோனைத் தலகாணிக்குப் பக்கத்துல வச்சிருக்கேன். சத்தம் தெளிவா வந்தா அடுத்த எபிசோட் அதுதான்.