குழந்தைக்கு இலவச தெரபி... அப்போ பில் யாருக்குப் போகுது?

ஒன்றரை வயசாகியும் குழந்தை ஒரு வார்த்தை பேசல. ``அவன் அப்பனும் லேட்டாத்தான் பேசினான், விடு" என்று பாட்டி சொல்வார். ஆனால், குழந்தைநல மருத்துவர்கள் `விடாதீங்க' என்பார்கள். காரணம், முதல் மூன்று வயதுக்குள் மூளை வளரும் வேகம் பிறகு கிடைப்பதில்லை. பேச்சு, நடை, கேட்கும் திறன், ஆட்டிசம் என எதில் பின்னடைவு இருந்தாலும் அந்த வயதில் தரும் பயிற்சிக்குப் பலன் அதிகம்.

இந்தப் பயிற்சியை வீட்டுக்கே வந்து, பெற்றோரிடம் ஒரு டாலர்கூட வாங்காமல் தருகிறது அமெரிக்காவின் நியூயார்க் மாநிலம். சரி, அந்த தெரபிஸ்ட்டுக்கு யார் சம்பளம் கொடுக்கிறாங்க? 2013-ல் இந்தக் கேள்விக்கான பதிலை அந்த மாநிலம் மாற்றி எழுதியது. `பில்லை யார் போட்டா நமக்கென்ன' என்று நினைக்காதீங்க. தெரபிஸ்ட் உங்கள் வீட்டுக் கதவைத் தட்டுவாரா, மாட்டாரா என்பதே அதில்தான் இருக்கிறது.

திட்டம் என்ன?

வளர்ச்சிக் குறைபாடுள்ள மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு உதவ, 1986-ல் அமெரிக்க நாடாளுமன்றம் ஒரு சட்டம் கொண்டுவந்தது. அதன் அடிப்படையில் 1993-ல் நியூயார்க்கில் `ஏர்லி இன்டர்வென்ஷன்' திட்டம் தொடங்கியது. ஸ்பீச் தெரபி, பிசியோதெரபி, ஆக்குபேஷனல் தெரபி, சிறப்புக் கல்வி எல்லாம் இதில் அடக்கம். குடும்பத்தின் வருமானம் தடையில்லை. குடியுரிமை, விசா நிலையும் தடையில்லை.

2013-க்கு முன்பு: கவுன்ட்டிதான் எல்லாம்

கவுன்ட்டி என்றால் ஏறக்குறைய நம்ம ஊர் மாவட்டம் மாதிரி. நியூயார்க் நகரத்தைத் தவிர்த்து அந்த மாநிலத்தில் 57 கவுன்ட்டிகள். இந்த 57-ம் நியூயார்க் நகரமும்தான் திட்டத்தை நடத்தின. தெரபிஸ்ட்டுகளோடு ஒப்பந்தம் போடுவது, பில்லை வாங்குவது, பணம் கொடுப்பது எல்லாமே உள்ளூர் வேலை. பணத்தைக் கொடுத்துவிட்டு, அதை இன்ஷூரன்ஸ் நிறுவனத்திடமும், ஏழைகளுக்கான அரசு மருத்துவக் காப்பீடான மெடிகெய்டிடமும் கவுன்ட்டி கேட்டு வாங்கிக்கொள்ளும். மிச்சச் செலவில் ஏறக்குறைய பாதியை மாநில அரசு தரும்.

இதில் தெரபிஸ்ட்டுக்கு ஒரு நிம்மதி இருந்தது. இன்ஷூரன்ஸ் கம்பெனி இழுத்தடித்தால் அது கவுன்ட்டியின் தலைவலி. அவருடைய பணம் அவருக்கு வந்துவிடும். கவுன்ட்டிகளுக்கோ, இது பெரிய சுமை. `எங்களால் முடியல' என்று பல வருடங்களாகக் குரல் கொடுத்தார்கள்.

2013 ஏப்ரல் 1: சாவி கைமாறியது

அன்றுமுதல் தெரபிஸ்ட்டுகளின் ஒப்பந்தம் மாநில சுகாதாரத் துறையோடு. பணப் பட்டுவாடாவைக் கவனிக்க `பப்ளிக் கன்சல்டிங் குரூப்' என்ற தனியார் நிறுவனத்தை மாநிலம் நியமித்தது. பில் போகிற வழியும் மாறியது. தெரபிஸ்ட் ஆன்லைனில் க்ளெய்ம் பதிவுசெய்ய வேண்டும். அது முதலில் இன்ஷூரன்ஸுக்குப் போகும். அங்கே மறுத்தால் மெடிகெய்ட். அங்கேயும் இல்லையென்றால், கவுன்ட்டி இதற்கென்றே ஒதுக்கிவைத்த கணக்கிலிருந்து பணம் வரும்.

கவனிச்சீங்களா? பில்லிங் வேலைதான் கவுன்ட்டியை விட்டுப் போனது. செலவில் அதன் பங்கு போகவில்லை. குழந்தையைப் பதிவுசெய்வதும், என்ன பயிற்சி என்று முடிவெடுக்கும் கூட்டத்தை நடத்துவதும் இன்றும் உள்ளூரில்தான்.

யார் தலையில் விழுந்தது?

கவுன்ட்டியிடமிருந்து இறங்கிய தலைவலி, தெரபிஸ்ட் தலையில் ஏறியது. இன்ஷூரன்ஸ் பதில் சொல்லும்வரை அவர் காத்திருக்க வேண்டும். குழந்தையின் பாலிசி எண் ஒன்று தப்பாக இருந்தாலும் க்ளெய்ம் திரும்பி வரும். பெரிய ஏஜென்சிகள் இதற்கென ஆள் போட்டுச் சமாளித்தன. தனியாக ஒரு காரில் வீடு வீடாகப் போய்ப் பயிற்சி தருபவர் என்ன செய்வார்? பகலில் தெரபி, ராத்திரியில் பில் வேலை. `போதும்டா சாமி' என்று பள்ளிக்கோ மருத்துவமனைக்கோ வேலைக்குப் போனவர்கள் உண்டு.

இன்ஷூரன்ஸ் நிறுவனங்களை அதிகம் கொடுக்கவைக்கலாம் என்பதும் இந்த மாற்றத்தின் ஒரு நோக்கம். அது பெரிதாக நடக்கவில்லை. பெரும்பாலான க்ளெய்ம்கள் மறுக்கப்பட்டன. கடைசியில், 2021-ல் புதுச் சட்டம் வந்தது. 2022 ஜனவரி முதல், மாநிலக் கட்டுப்பாட்டில் உள்ள இன்ஷூரன்ஸ் நிறுவனங்கள் எல்லாம் சேர்ந்து வருடத்துக்கு 40 மில்லியன் டாலர் மொத்தமாகக் கட்ட வேண்டும். ஒவ்வொரு பில்லாகத் துரத்தும் வேலை அவர்கள் விஷயத்தில் முடிந்தது. 2024 அக்டோபரில் புது கணினி அமைப்புக்கு மாறியபோது, பணம் தாமதமாகிறது என்ற புகார் மறுபடியும் எழுந்தது.

பில்லிங்கை மாநிலம் எடுத்தது தப்பு என்று சொல்லிவிட முடியாது. 58 இடங்களில் 58 விதமாக நடப்பதைவிட ஒரே முறை நல்லதுதான். ஆனால், பணம் வரும்வரை காத்திருக்கும் சக்தி யாருக்கு இருக்கிறதோ, அவர்களிடம்தான் அந்தக் காத்திருப்பை விட வேண்டும். அரசால் மூன்று மாதம் பொறுக்க முடியும். வாடகை கட்ட வேண்டிய தெரபிஸ்ட்டால் முடியாது. இரண்டு வயசுக் குழந்தைக்கு மூன்று மாதம் என்பது, அதன் வாழ்நாளில் எட்டில் ஒரு பங்கு!

நியூயார்க்கில் உங்க அக்காவோ நண்பரோ இருந்தால் இதைச் சொல்லுங்க

* டாக்டர் சீட்டுக்காகக் காத்திருக்க வேண்டாம். பெற்றோரே நேரடியாகப் பதிவு செய்யலாம். நியூயார்க் நகரம் என்றால் 311-க்கு அழைத்தால் போதும்.

* தேதிகளைக் குறிச்சு வைங்க. பதிவுசெய்த 45 நாள்களுக்குள் பரிசோதனை முடிந்து திட்டக் கூட்டம் நடக்க வேண்டும். பெற்றோர் சம்மதித்த 30 நாள்களுக்குள் பயிற்சி தொடங்க வேண்டும்.

* இன்ஷூரன்ஸ் அல்லது மெடிகெய்ட் மாறினால், அன்றே ஒருங்கிணைப்பாளரிடம் சொல்லுங்க. உங்களுக்கு நஷ்டமில்லை. ஆனால், தெரபிஸ்ட்டின் பணம் அங்கேதான் சிக்கும்.

* ஒவ்வொரு முறையும் தெரபிஸ்ட்டின் குறிப்பில் கையெழுத்து கேட்பார்கள். தேதி, நேரம் பார்த்துப் போடுங்க. வராத நாளுக்குப் போடாதீங்க.

* `ஆள் இல்லை, காத்திருங்க' என்று சொன்னால், அதை எழுத்தில் கேளுங்க. சமரசப் பேச்சு கேட்கவும், விசாரணை கோரவும் பெற்றோருக்கு உரிமை உண்டு.

`இலவசம்' என்று சட்டத்தில் எழுதுவது ஒரு நாள் வேலை. தெரபிஸ்ட் வாரா வாரம் வீட்டுக்கு வர வேண்டுமென்றால், அவருடைய பணமும் தேதி தவறாமல் வர வேண்டும்.