கட்டிலருகே ஒரு நாற்காலி



மத்தேயு 25-ஆம் அதிகாரத்தில் நம் ஆண்டவர் தம்மையே நோயாளியின் இடத்தில் வைத்துப் பேசுகிறார். அங்கே அவர் எதிர்பார்ப்பது என்னவென்று கவனித்திருக்கிறீர்களா? தம்மைச் சுகமாக்கும்படி அவர் கேட்கவில்லை. பார்க்க வந்தாயா என்று மட்டுமே கேட்கிறார். அவ்வாறு பார்க்கப் போவதையே முழுநேர ஊழியமாக ஏற்றவர் மருத்துவமனைப் போதகர். அந்த ஊழியம் எவ்வழியே நம்மிடம் வந்தது என்பதை இவ்வாரம் சிந்திப்போம்.

சாப்ளின் என்னும் ஆங்கிலப் பெயருக்குள்ளேயே ஒரு கதை உறங்குகிறது. நான்காம் நூற்றாண்டில் ரோமப் படைவீரராயிருந்த மார்ட்டின், ஆமியேன் நகரவாயிலில் குளிரால் நடுங்கிய ஓர் ஏழையைக் கண்டு, தம் மேலங்கியை வாளால் இரண்டாக்கிப் பாதியை அவனுக்குப் போர்த்தினார் என்பது திருச்சபையின் மரபு. பிற்காலத்தில் அந்த அங்கியைப் பேணிக் காத்த குருமார்களுக்கு, லத்தீன் மொழியில் அங்கியைக் குறிக்கும் சொல்லிலிருந்தே பெயர் அமைந்தது. அதுவே திரிந்து சாப்ளின் ஆயிற்று.

தமிழ் மண்ணிலோ, ஆதியில் இதற்கென்று தனி ஆள் தேவைப்படவில்லை. மருத்துவரே குருவானவராகவும் இருந்தார். 1819-ல் இலங்கைக்கு வந்த ஜான் ஸ்கடர் மருத்துவர். மறு ஆண்டே யாழ்ப்பாணத்தில் குருப்பட்டமும் பெற்றார். திண்டுக்கல்லில் நெடுங்காலம் பணியாற்றிய எட்வர்ட் செஸ்டரும் அவ்வாறே இரண்டு பணிகளையும் சுமந்தார். நம் நாசரேத்தில் 1870-ல் மருத்துவ ஊழியத்தைத் தொடங்கிய ஸ்ட்ராச்சன் ஐயர், பின்னாளில் ரங்கூன் பேராயராக உயர்ந்தவர். அவருக்குப் பின் 1876-ல் நாசரேத்துக்கு வந்து, 1908-ல் மரிக்கும்வரை அவ்வூரைவிட்டு அகலாத மர்காஷிஸ் ஐயரை நீங்கள் அறிவீர்கள். மருந்து கலந்து கொடுத்த கையே ஞாயிறன்று திருவிருந்தும் பரிமாறியது. மூச்சிரைப்பு நோயால் வாழ்நாளெல்லாம் அவதியுற்றவர் அவர் என்பதைப் பலர் நினைப்பதில்லை. இரவில் மூச்சுக்குத் தவித்த ஒருவர், பகலில் பிறர் நெஞ்சில் காதை வைத்துக் கேட்டார்.

இதே உண்மையை நம் கரிசல் பூமியிலும் காணலாம். நமக்கு வடக்கே சிவகாசி, சாத்தூர், ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரங்களில் 1854-ல் கூடாரமடித்து ஊழியம் தொடங்கியவர் தாமஸ் கஜெட்டன் ராக்லண்ட். கேம்பிரிட்ஜில் 1841-ஆம் ஆண்டுக் கணிதத் தேர்வில் நான்காம் இடம் பெற்றவர். கல்லூரியிலேயே சுகமாக வாழ்ந்திருக்கலாம். நுரையீரல் நோயின் நிமித்தம் ஒருமுறை தாய்நாடு திரும்ப நேர்ந்தும், ஃபென், மெடோஸ் என்னும் இரு இளைஞரை அழைத்துக்கொண்டு மறுபடியும் வந்தார். கூடாரங்களை ஊர் ஊராகப் பெயர்த்துக் கிராமங்களுக்குச் சென்றனர். தென் திருநெல்வேலிச் சபைகள் தங்கள் உபதேசியார்களை முறைவைத்து அனுப்பித் துணைசெய்தன. கோடையில் கரிசல் காட்டுக் கூடாரத்துக்குள் வெப்பம் எப்படியிருக்கும் என்று நான் உங்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. 1858 அக்டோபர் 22-ல், 43-ஆம் வயதில், நுரையீரலிலிருந்து இரத்தம் பெருகி, அவர் சிவகாசியில் உயிர்நீத்தார். உயிரோடிருந்த நாளில் அவர் கண்ணால் கண்ட பலன் மிகச் சொற்பம்.

ராக்லண்ட் மருத்துவமனைப் போதகர் அல்லர், மருத்துவரும் அல்லர். ஆயினும் அவரை இவ்வரலாற்றில் சேர்ப்பது தகும் என்பது என் துணிபு. தாம் பெற்ற ஆறுதலைக்கொண்டே பிறரைத் தேற்றமுடியும் என்று பவுல் அப்போஸ்தலன் கொரிந்தியருக்கு எழுதிய இரண்டாம் நிருபத்தின் தொடக்கத்தில் சொல்வதை, நோயுற்ற சரீரத்தோடு ஊழியம் செய்த இத்தகையோரிடத்தில்தான் நாம் கண்கூடாகப் பார்க்கிறோம்.

மருத்துவமனைகள் பெருகப் பெருக, மருத்துவருக்கு உட்கார்ந்து பேச நேரமில்லாது போயிற்று. அந்த இடத்துக்கு உபதேசியாரும் வேதாகம ஸ்திரீகளும் வந்தனர். மருந்துக்குக் காத்திருப்போர் நடுவில் வேதம் வாசிக்கப்பட்டது. கட்டில்தோறும் துண்டுப்பிரசுரம் வழங்கப்பட்டது. இதில் மெய்யான அன்பு இருந்தது. எழுத்தறியாத பெண்களுக்கு வேதாகம ஸ்திரீகள் காட்டிய பரிவுக்கு ஈடில்லை. ஆனால் ஒன்றை நாம் மறைத்துப் பேசலாகாது. கட்டிலில் கிடப்பவர் எழுந்து போக இயலாதவர். கேட்க விருப்பமில்லை என்று சொன்னால் மருந்து கிடைக்காதோ என்ற அச்சமும் சிலருக்கு இருந்திருக்கும். போக வழியில்லாதவர் செவியில் பிரசங்கிப்பதும் அவரைத் தேற்றுவதும் ஒன்றாகிவிடுமோ?

இக்கேள்விக்கு ஒரு விடை, எவரும் எதிர்பாராத இடத்திலிருந்து வந்தது. அமெரிக்காவில் ஆன்டன் பாய்சன் என்னும் போதகர் 1920-ல் கடும் மனநோய்க்கு ஆளாகி, ஓராண்டுக்கும் மேலாக மனநோய் மருத்துவமனையில் அடைபட்டுக் கிடந்தார். அங்கே அவருடைய ஆத்துமத்தின் போராட்டத்தைச் செவிகொடுத்துக் கேட்பார் இல்லை. குணமடைந்து வெளிவந்தபின், அத்தகைய மருத்துவமனைக்கே போதகராகத் திரும்பிச் சென்றார். 1925 கோடையில் வூஸ்டர் நகர அரசு மனநோய் மருத்துவமனையில் இறையியல் மாணவர் நால்வரை வைத்து ஒரு பயிற்சியைத் தொடங்கினார். அம்மாணவர்கள் பிரசங்கிக்க அனுப்பப்படவில்லை. வார்டில் ஊழியர்களாய் நின்று நோயாளிகளைப் பராமரித்தனர். புத்தகத்தைக் கற்பதுபோலவே மனிதனையும் பொறுமையாக வாசிக்கவேண்டும் என்பது பாய்சனின் கொள்கை. நோயாளியோடு நிகழ்ந்த உரையாடலைச் சொல்லுக்குச் சொல் எழுதிவந்து, ‘இவ்விடத்தில் ஏன் பேச்சை மாற்றினாய்? அவர் அழ ஆரம்பித்தபோது ஏன் ஜெபிக்கத் தொடங்கினாய்?’ என்று ஒருவரையொருவர் வினவும் முறையும் இத்தகைய பயிற்சியில் பின்னர் வேரூன்றியது. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியிலும் போதகர்கள் இத்தகைய பயிற்சி பெறுகின்றனர்.

அந்த இரண்டாம் வினாவை நாமும் நம்மிடமே கேட்டுக்கொள்ளவேண்டும். பிறர் கண்ணீரைத் தாங்கமாட்டாமல் நாம் ஜெபத்துக்குள் ஓடி ஒளிவதுண்டு. யோபின் சிநேகிதரை எல்லாரும் பழிக்கிறோம். ஆனால் அவர்கள் முதல் ஏழு நாளும் ஏழு இரவும் வாய் திறவாமல் அவனோடு தரையிலே உட்கார்ந்திருந்தார்கள் (யோபு 2:13). அதுவரை அவர்களிடத்தில் குற்றமில்லை. வாயைத் திறந்து காரணம் கூறத் தொடங்கியபோதுதான் எல்லாம் கெட்டது.

காரணம் கூறும் அந்தச் சோதனை நம் பகுதியில் மிகக் கொடியது. தீப்பெட்டியும் பட்டாசும் நம் மக்களுக்குச் சோறு போடுகின்றன. அவையே சரீரத்தைச் சுட்டும் விடுகின்றன. 2012 செப்டம்பர் 5-ல் சிவகாசியை அடுத்த முதலிப்பட்டியில் பட்டாசு ஆலை வெடித்து 30-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். எத்தனையோ பேர் தீக்காயத்தோடு மருத்துவமனைகளுக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். தீக்காய வார்டில், கட்டுக்களுக்குள் கண்மட்டும் தெரியக் கிடக்கும் ஒருவரிடம், ‘கர்த்தர் உன்னைப் பரீட்சிக்கிறார்’ என்று எவ்வாறு சொல்வது? பாதுகாப்பு விதிகளை மீறிய ஆலையின் குற்றத்தைக் கர்த்தர்மேல் சுமத்துவதற்கு நமக்கு அதிகாரமில்லை. அங்கே நலமறிந்த போதகர் செவிலியரிடம் அனுமதி பெற்று, கைகழுவி, நாற்காலியை நோயாளியின் கண்ணுக்கு எதிரே இட்டு அமர்வார். நின்றுகொண்டு பேசுகிறவர் புறப்படப்போகிறவர் என்பது நோயாளிக்குத் தெரியும். தொட இடமில்லாத சரீரமாயின், பெயர் சொல்லி அழைப்பார். பத்துப்பேர் கூடி உரத்த சத்தமாய் ஜெபிப்பதை, அடுத்த கட்டிலில் கிடப்பவரின் நிமித்தமாவது தவிர்ப்பார்.

மற்றொருவரும் அங்கே இருக்கிறார். அவரை நாம் எளிதில் கடந்துபோகிறோம். மேல்சிகிச்சைக்கென்று மதுரைக்கோ பாளையங்கோட்டைக்கோ அனுப்பப்பட்ட நோயாளிக்குத் துணையாக வந்தவர் அவர். பெரும்பாலும் ஒரு தாய், அல்லது மனைவி. வராந்தாவில் பாய் விரித்துப் படுப்பவர். காட்டு வேலையை விட்டு வந்தவர். எந்தச் சீட்டை எந்த அறையில் கொடுக்கவேண்டும் என்பதும் அறியாதவர். மருத்துவர் ஆங்கிலத்தில் கூறிச்சென்றதை அவருக்குத் தமிழில் விளக்குவதும், மருந்துக்கடைவரை உடன் நடந்துபோய்த் திரும்புவதும், அவர் சாப்பிட்டுவரும் அரைமணி நேரம் கட்டிலருகே அமர்ந்திருப்பதும் இவ்வூழியத்தில் சேர்ந்தவையே. இதற்குக் குருப்பட்டம் வேண்டியதில்லை. உங்கள் தெருவிலிருந்து இம்மாதம் யாரேனும் அவ்வாறு சென்றிருக்கிறார்களா என்று விசாரியுங்கள். வார்டு எண்ணையும் பார்வை நேரத்தையும் கேட்டறிந்து புறப்படுங்கள். ஜெபம் வேண்டுமென்று, பெரும்பாலும், சாப்பிட்டு வந்தபின் அந்தத் தாயே கேட்பார்.