பஸ்டர் கீட்டன்

பஸ்டர் கீட்டன் (அக்டோபர் 4, 1895 - பெப்ரவரி 1, 1966) ஓர் அமெரிக்க நகைச்சுவை நடிகரும் திரைப்பட இயக்குநரும் ஆவார். இவரது இயற்பெயர் ஜோசப் ஃபிராங்க் கீட்டன். சார்லி சாப்ளின், ஹரால்ட் லாய்டு ஆகியோருடன் ஊமைப்படக் காலத்தின் தலைசிறந்த நகைச்சுவையாளர்களுள் ஒருவராகக் கருதப்படுகிறார். எத்தகைய இடர் நேர்ந்தாலும் சலனமின்றி இருக்கும் முகத்தினால் "கல்முகம்" என்ற பட்டப்பெயர் பெற்றார்.

இளமை

கீட்டன் கான்சஸ் மாநிலத்திலுள்ள பிக்குவா என்ற சிற்றூரில் பிறந்தார். பெற்றோர் இருவரும் ஊர் ஊராகச் சென்று பல்சுவை மேடை நிகழ்ச்சிகள் நடத்திய கலைஞர்கள். சிறுவயதிலேயே மகனும் சேர்ந்துகொள்ள, அவர்கள் குழு "மூன்று கீட்டன்கள்" எனப்பட்டது. தந்தை மகனை மேடையின் குறுக்கே தூக்கி எறிவதே நிகழ்ச்சியின் முக்கியக் கூறு. இது குழந்தைவதை என்ற புகார்களும் எழுந்தன. விழுந்து எழும்போது தான் சிரித்தால் அவையோரின் சிரிப்பு குறைந்துவிடுகிறது என்பதைச் சிறுவன் கீட்டன் கண்டுகொண்டார். பின்னாளில் புகழ்பெற்ற கல்முகத்தின் தோற்றம் இதுவே.

திரை ஆளுமை

1917-இல் ராஸ்கோ ஆர்பக்கிளின் "த புட்சர் பாய்" குறும்படத்தின் மூலம் திரைக்கு வந்தார். ஆர்பக்கிளுடன் நடித்த தொடக்கப் படங்கள் சிலவற்றில் கீட்டன் வாய்விட்டுச் சிரிப்பதைக் காணலாம். ஆகவே கல்முகம் அவரது இயல்பு அன்று. தேர்ந்து அணிந்துகொண்ட வேடம். தட்டையான தொப்பியும் அவ்வாறே. சாதாரணக் கம்பளித் தொப்பியை வெட்டி, சர்க்கரைக் கரைசலில் விறைப்பாக்கி, அவரே அதைச் செய்துகொண்டார்.

சாப்ளினின் நாடோடி பார்வையாளரின் இரக்கத்தை வேண்டுபவன். கீட்டனின் பாத்திரம் எதையும் வேண்டுவதில்லை. ரயில், கப்பல், புயல் என மனிதரைவிடப் பெரியவற்றோடு மோதி, வழி தேடிக்கொண்டே இருக்கும். முகம் அசையாவிட்டாலும் கண்களும் உடலும் பேசும். இதைக் கவனியாதவர்களே அவரை உணர்ச்சியற்ற நடிகர் என்பர். "கோ வெஸ்ட்" (1925) படத்தில் துப்பாக்கியை நீட்டிச் சிரிக்கச் சொல்கிறான் ஒருவன். கீட்டன் விரல்களால் உதட்டோரங்களை உயர்த்திக் காட்டுகிறார்.

ஆபத்தான காட்சிகளிலும் பெரும்பாலும் அவரே நடித்தார். "ஸ்டீம்போட் பில் ஜூனியர்" (1928) படத்தில் ஒரு வீட்டின் முகப்புச் சுவர் முழுவதும் அவர்மீது சாய்கிறது. திறந்திருந்த மாடி சாளரம் அவர் நின்ற இடத்தில் சரியாக விழுந்ததால் உயிர் தப்பினார். சுவர் உண்மையானது, இடைவெளி சில அங்குலங்களே. உள்நாட்டுப் போரைப் பின்னணியாகக் கொண்ட "த ஜெனரல்" (1926) படத்திற்காக, ஓரிகன் மாநிலத்தில் எரியும் பாலத்தின்மீது உண்மையான ரயில் எஞ்சினையே ஓட்டி ஆற்றில் வீழ்த்தினார். அக்காலத்தில் வசூலில் தோற்ற இப்படம் இன்று அவரது தலைசிறந்த படைப்பாகப் போற்றப்படுகிறது.

எம்.ஜி.எம். நிறுவனத்தில்

1928-இல் தமது தனி நிறுவனத்தை விட்டு எம்.ஜி.எம்.-இல் சேர்ந்தார். தம் வாழ்வின் மிகப் பெரிய தவறு என்று பின்னர் இதைத் தமது தன்வரலாற்றில் குறிப்பிட்டார். அங்கு முதலில் எடுத்த "த கேமராமேன்" சிறந்த படமே. ஆனால் கதையிலும் படத்தொகுப்பிலும் அவருக்கிருந்த உரிமை படிப்படியாகப் பறிபோனது. பேசும்படம் வந்ததும் அவரது குரல் எடுபடவில்லை என்று கூறப்படுவதுண்டு. இது சரியன்று, அவர் மேடையில் பேசிப் பழகியவர். மாறியது பாத்திரமே. தன் அறிவால் சிக்கலை அவிழ்த்தவன், எல்மர் என்ற பெயருடைய ஏமாளி ஆக்கப்பட்டான். வேதனைக்குரிய செய்தி என்னவெனில், இப்படங்கள் நன்றாகவே ஓடின. மண முறிவும் குடிப்பழக்கமும் சேர்ந்துகொள்ள, 1933-இல் பணிநீக்கம் செய்யப்பட்டார்.

பிற்காலம்

பின்னர் பிறர் படங்களுக்கு நகைச்சுவைக் காட்சிகள் எழுதிக் கொடுத்தார். சாப்ளினின் "லைம்லைட்" (1952) படத்தில் அவருடன் ஒரு காட்சியில் தோன்றினார். 1950-களில், கீட்டன் முன்பு வாழ்ந்த மாளிகையை வாங்கிய நடிகர் ஜேம்ஸ் மேசன், அங்கு பழைய படச்சுருள்களைக் கண்டெடுத்தார். இதனால் அவரது படங்கள் மீண்டும் திரையிடப்படலாயின. 1960-இல் சிறப்பு ஆஸ்கார் விருது பெற்றார். 1965 வெனிஸ் திரைப்பட விழாவில் அவையோர் எழுந்து நின்று கைதட்டினர். அடுத்த ஆண்டு கலிபோர்னியாவில் நுரையீரல் புற்றுநோயால் காலமானார்.