பூச்சி மாத்திரையும் பீலித் தண்ணீரும்

தோட்டப் பாடசாலையில் படித்த காலத்தில் பூச்சி மாத்திரை கொடுக்கும் நாள் எங்களுக்குப் பெரிய கொண்டாட்டம். ஆசிரியருக்கு முன்னால் மென்று விழுங்கிவிட்டு வாயைத் திறந்து காட்ட வேண்டும். இருபது வருடங்களுக்கு மேல் கழிந்து, அண்மையில் ஹற்றனுக்கு அருகேயுள்ள தோட்டமொன்றுக்குப் போயிருந்தபோது ஒரு அக்கா கேட்டார்: "மாத்திரை ஒழுங்கா குடுக்கிறாங்க தம்பி. ஆனா புள்ளைக்கு திரும்பத் திரும்ப பூச்சி வருதே, அது ஏன்?"

நியாயமான கேள்வி. மாத்திரை வயிற்றுக்குள் இருக்கும் புழுவைத்தான் கொல்கிறது. மண்ணில் கிடக்கும் முட்டையை அது ஒன்றும் செய்வதில்லை.

மண் வழியாகப் பரவும் குடற்புழுக்களில் முக்கியமானவை வட்டப்புழு, சாட்டைப்புழு, கொக்கிப்புழு. பெண் வட்டப்புழு ஒன்று நாளொன்றுக்கு சுமார் 2 இலட்சம் முட்டைகள் இடும். மலத்தோடு வெளியேறும் இந்த முட்டைகள் மண்ணில் வருடக்கணக்காக உயிரோடு இருக்கக்கூடியவை. கழுவாத கை, கழுவாத மரக்கறி வழியாக மீண்டும் வாய்க்குள் போகின்றன.

கொக்கிப்புழுவின் வழி வேறு. ஈரமும் நிழலும் உள்ள மண்ணில் முட்டை பொரித்து, இளம்புழு வெறுங்காலின் தோலைத் துளைத்து உள்ளே போகிறது. இரத்தத்தோடு நுரையீரலுக்குச் சென்று, தொண்டைக்கு ஏறி, விழுங்கப்பட்டுக் குடலில் ஒட்டிக்கொண்டு இரத்தம் உறிஞ்சுகிறது. புழு அதிகமானால் இரத்தச்சோகை வரும். ஏற்கெனவே இரும்புச்சத்துக் குறைந்த கர்ப்பிணிக்கு இது சின்ன விஷயமல்ல. அதனால்தான் கிளினிக்கில் முதல் மூன்று மாதம் கழிந்தபின் கர்ப்பிணிகளுக்கும் பூச்சி மாத்திரை கொடுக்கிறார்கள். நிழலும் ஈரமும் வெறுங்காலும் சேருமிடம் எது என்று மலையகத்தில் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை.

நூறு வருடங்களுக்கு முன்பே இது தெரிந்திருந்தது. அமெரிக்காவின் ரொக்பெல்லர் மன்றம் 1916இல் மாத்தளைப் பகுதித் தோட்டங்களில் கொக்கிப்புழு ஒழிப்பு வேலையைத் தொடங்கியது. பரிசோதிக்கப்பட்ட தொழிலாளரில் மிகப் பெரும்பாலானோருக்குப் புழு இருந்தது. தைமோல், கீனோபோடியம் எண்ணெய் என்று கடுமையான மருந்துகளைப் பேதி மருந்தோடு கொடுத்தார்கள். மருந்து குடித்தவர்களுக்குப் புழு திரும்ப வந்தது. மலசலகூடம் கட்டுவதற்குச் செலவழிக்கத் தோட்டத் துரைமாரில் பலர் தயாராக இருக்கவில்லை.

மாத்திரையைக் குறை சொல்வதற்காக நான் இதை எழுதவில்லை. யானைக்கால் நோயை இலங்கை மாத்திரையால்தான் மடக்கியது. 2002 முதல் 2006 வரை மேல், தென், வடமேல் மாகாணங்களில் வருடாவருடம் மக்களுக்கு மருந்து கொடுக்கப்பட்டது. பொதுச் சுகாதாரப் பிரச்சினை என்ற நிலையிலிருந்து அந்நோய் நீங்கியதாக 2016இல் உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. அந்தப் புழு மனித இரத்தத்திலிருந்து நுளம்புக்குப் போய் மீண்டும் மனிதனுக்கு வருவது. இரத்தத்தில் குறைந்தால் சங்கிலி அறுந்துவிடும். குடற்புழுவுக்கோ மண் ஒரு சேமிப்புக் கிடங்கு. பல நாடுகளின் ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்தபோது, மாத்திரை கொடுத்து ஒரு வருடத்துக்குள் வட்டப்புழுத் தொற்று ஏறக்குறைய பழைய அளவுக்கே திரும்புவது தெரிந்தது.

இலங்கைப் பாடசாலைப் பிள்ளைகளில் குடற்புழுத் தொற்று இன்று மிகக் குறைவு. நாடு தழுவிய சராசரி 1 சதவீதத்தை ஒட்டியே இருக்கிறது. ஆனால் சராசரி என்பது ஏமாற்றுகிற கணக்கு. மிச்சமிருக்கும் தொற்று, தோட்டங்களிலும் நகரத்துச் சேரிகளிலும்தான் கூடுதலாகத் தங்கியிருக்கிறது.

அங்கே குழி தோண்டுவதுகூட இலகுவல்ல. லயனும் அதைச் சுற்றியுள்ள நிலமும் குடியிருப்பவருக்குச் சொந்தமில்லை. நிர்வாகத்தின் அனுமதி வேண்டும். பிரதேச சபைகள் தமது நிதியைத் தோட்டக் குடியிருப்புகளுக்குச் செலவிடவும் சட்டம் தடையாக இருந்தது. 2018இல்தான் அது திருத்தப்பட்டது. சுதந்திரம் கிடைத்து எழுபது வருடம்!

அக்காவுக்கு இதையெல்லாம் சுருக்கமாகச் சொன்னேன். செருப்பு, சவர்க்காரம் பற்றியும் சொன்னேன். அவர் லயன் கோடிக்குக் கூட்டிப்போய் மலசலகூடத்தைக் காட்டினார். நான்கு குடும்பங்களுக்கு ஒன்று. கதவு இருந்தது, குந்தும் பீங்கானும் இருந்தது. பெப்ரவரி, மார்ச்சில் பீலியில் தண்ணீர் நின்றுவிடும் என்றார். அந்த நாட்களில் பிள்ளைகள் தேயிலைக்குள்தான் போகிறார்கள். தண்ணீர்க் குழாய் கேட்டு இரண்டு தடவை கடிதம் கொடுத்திருக்கிறார்கள். பதில் வரவில்லை.