வரைபடத்துக்குப் பூட்டு

பிளாக்செயின் என்றாலே எல்லோருக்கும் பிட்காயின்தான் ஞாபகம் வருகிறது. ஆபீசில் அந்த வார்த்தையைச் சொன்னால் லாட்டரி சீட்டு விற்க வந்தவனைப் பார்ப்பது மாதிரி பார்க்கிறார்கள். ஆனால் அதன் கதை பணத்தில் ஆரம்பிக்கவே இல்லை. ஒரு ஆவணத்தை யாரும் பின்னால் திருத்தவில்லை என்று எப்படி நிரூபிப்பது என்ற கேள்வியில்தான் ஆரம்பித்தது. இப்போது டிஜிட்டல் வரைபடங்களுக்கும் அதையே பூட்டாகப் போடலாம் என்கிறார்கள். நான் காமர்ஸ் படித்தவன், எனக்குப் புரிந்தது கணக்குப் புத்தகம்தான். அந்தப் பக்கத்திலிருந்தே எழுதுகிறேன்.

1991-ல் ஸ்டூவர்ட் ஹேபர், ஸ்காட் ஸ்டோர்னெட்டா என்ற இருவர் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். அமெரிக்காவில் பெல்கோர் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்தவர்கள். கம்ப்யூட்டர் கோப்பில் தேதியை மாற்றுவது நொடி வேலை, அதற்கு என்ன செய்வது? கோப்பை ஒரு கணக்குச் சூத்திரத்தில் போட்டு அரைத்தால் சின்னதாக ஒரு எண் வரும். இதற்கு ஹாஷ் என்று பெயர். கோப்பில் ஒரு கமா மாறினாலும் ஹாஷ் முழுசாக வேறாகிவிடும். ஒவ்வொரு ஹாஷையும் அதற்கு முந்தியதோடு கோத்துக்கொண்டே போனால் நடுவில் ஒன்றை மட்டும் யாரும் மாற்ற முடியாது. பேரேட்டில் பக்கத்தின் கூட்டுத்தொகையை அடுத்த பக்கத்தின் தலையில் கொண்டுபோய் எழுதுவோமே, கிட்டத்தட்ட அதேதான். ஒரே வித்தியாசம், பேரேட்டில் ஒரு பதிவைக் கூட்டி இன்னொன்றைக் குறைத்து டேலி பண்ணிவிடலாம் (இதைச் செய்தவர்கள் கதை எல்லா வங்கிகளிலும் உண்டு!). ஹாஷிடம் அந்த ஜம்பம் பலிக்காது.

இவர்கள் ஆரம்பித்த ஷூரிட்டி என்ற கம்பெனி செய்ததுதான் எனக்கு ரொம்பப் பிடித்தது. 1995 முதல் வாரா வாரம் அந்த ஹாஷை நியூயார்க் டைம்ஸில் காணாமல் போனவை அறிவிப்புகளுக்கு நடுவே விளம்பரமாகப் போட்டார்கள். அச்சாகி ஊரெல்லாம் போன பேப்பரை யார் திரும்பப் பிடித்துத் திருத்துவது? 2008-ல் வந்த பிட்காயின் கட்டுரையில் குறிப்பிடப்படும் எட்டு ஆவணங்களில் மூன்று இவர்கள் எழுதியவை.

நிலத்துக்கு இது வந்தது 2015 வாக்கில். ஹோண்டுராஸ் நாட்டில் ஆரம்பித்து அப்படியே நின்றுபோனது. 2016-ல் ஜார்ஜியா (அமெரிக்க மாநிலம் இல்லை, காகசஸ் மலைப் பக்கத்து நாடு) நிலப் பதிவுகளின் ஹாஷை பிட்காயின் சங்கிலியில் பதிக்கும் வேலையை ஆரம்பித்தது. வரைபடத்துக்கும் இதே வழிதான். எந்த எல்லைக் கோட்டை யார், எப்போது, எந்த மூலத்தை வைத்து மாற்றினார்கள் என்பது அழியாமல் இருக்கும்.

நல்ல விஷயம்தான். ஆனால் வரைபடங்களின் சரித்திரத்தைக் கொஞ்சம் புரட்டினால் வேறு ஒரு கவலை வருகிறது. 1988 செப்டம்பரில் சோவியத் யூனியனின் தலைமை வரைபட அதிகாரி விக்தர் யாஷ்சென்கோ, இஸ்வெஸ்தியா பத்திரிகைக்கு ஒரு பேட்டி கொடுத்தார். சுமார் 50 வருஷமாகப் பொதுமக்களுக்குக் கொடுத்த வரைபடங்கள் வேண்டுமென்றே பொய்யாகப் போடப்பட்டவை என்று ஒப்புக்கொண்டார். ரகசியப் போலீஸின் உத்தரவு. சாலைகளையும் ஆறுகளையும் இடம் மாற்றி, ஊரின் பகுதிகளைக் கோணலாக்கிப் போட்டார்களாம். மாஸ்கோவில் இருந்த வெளிநாட்டுக்காரர்கள் அமெரிக்காவின் சி.ஐ.ஏ. தயாரித்த வரைபடத்தை நம்பி ஊர் சுற்றினார்கள் என்றால் பாருங்களேன். இதில் யாரும் எதையும் பின்னால் திருத்தவில்லை. அசலே பொய். அரசாங்க முத்திரையும் அசல்தான். அந்தக் கோப்பை சங்கிலியில் ஏற்றியிருந்தால் எல்லாச் சோதனையிலும் முதல் வகுப்பில் பாஸாகியிருக்கும்.

இன்னொன்று கேளுங்கள், இது தமாஷானது. 1930-களில் நியூயார்க் மாநில வரைபடத்தில் ஆக்லோ என்று இல்லாத ஊர் ஒன்றைப் போட்டார்கள். வரைந்த கம்பெனியின் முதலாளி ஓட்டோ லிண்ட்பெர்க், உதவியாளர் எர்னஸ்ட் ஆல்பர்ஸ் இருவர் பெயரின் முதலெழுத்துக்களைக் கலைத்துப் போட்ட பெயர். காப்பியடிப்பவனைப் பிடிக்க ஒரு பொறி. சில வருஷம் கழித்து ராண்ட் மெக்னலி கம்பெனியின் வரைபடத்திலும் ஆக்லோ வந்தது. மாட்டிக்கொண்டார்கள் என்று நினைத்தால், அந்த இடத்தில் நிஜமாகவே ஆக்லோ பெயரில் ஒரு கடை இருந்திருக்கிறது! வரைபடத்தைப் பார்த்துத்தான் கடைக்காரர் பெயர் வைத்தாராம். கூகிள் வரைபடத்திலிருந்து அந்த ஊர் 2014-ல்தான் போனது.

இதனால்தான் எங்கள் தொழிலில் காகிதம் எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் இடத்தை நேரில் போய்ப் பார்க்கச் சொல்கிறார்கள். நான் இருக்கும் மகாராஷ்டிரத்தில் நம் பட்டா-சிட்டா மாதிரி ஏழு-பன்னிரண்டு என்று ஒரு நில ஆவணம் உண்டு. அதையும் பார்ப்போம், வேலியையும் பார்ப்போம்.

அதற்காகச் சங்கிலியே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. 2010-ல் நிகராகுவா படையினர் சான் ஹுவான் ஆற்று முகத்துவாரத்தில், கோஸ்டா ரிகா தன்னுடையது என்று சொன்ன நிலத்தில் இறங்கினார்கள். ஆறு தூர் வாரும் வேலையை நடத்திய எதேன் பாஸ்தோரா, கூகிள் வரைபடத்தைப் பாருங்கள் என்றார். கோடு 2.7 கிலோமீட்டர் வரை தப்பு என்று கூகிள் ஒப்புக்கொண்டது. கோட்டைக் கொடுத்தது அமெரிக்க வெளியுறவுத் துறை. ஒரு கோட்டின் பூர்வீகத்தை, வில்லங்கச் சான்று மாதிரி, உடனே எடுத்துப் பார்க்கும் வசதி இருந்திருந்தால் அந்த வரைபடத்தைச் சாட்சிக்கு இழுப்பதற்கு முன் நாலு பேர் யோசித்திருப்பார்கள். இந்த ஒரு உபயோகத்துக்காகவே நான் பிளாக்செயினுக்கு ஓட்டுப் போடுவேன்.

வழக்கு சர்வதேச நீதிமன்றத்துக்குப் போனது. 1858 எல்லை ஒப்பந்தம், 1888-ல் கிளீவ்லாண்ட் கொடுத்த தீர்ப்பு, 1897-ல் எட்வர்ட் அலெக்சாண்டர் என்ற பொறியாளர் எல்லையை அளந்து கொடுத்த தீர்ப்பு, இவற்றை வைத்துத்தான் வாதம் நடந்தது. 2015 டிசம்பரில், சுமார் 3 சதுர கிலோமீட்டர் உள்ள அந்தச் சதுப்பு நிலம் கோஸ்டா ரிகாவுக்கு என்று தீர்ப்பானது. 2018-ல் நஷ்ட ஈடாக நிகராகுவா சுமார் 3 லட்சத்து 79 ஆயிரம் டாலர் கட்டச் சொன்னார்கள்.