தோலா, விஷமா? - இருளர்களின் பாம்புக் கணக்கு

பாம்பென்றால் படையும் நடுங்கும் என்பார்கள். படையே நடுங்கும்போது வீட்டில் இருப்பவர்கள் என்ன செய்வார்கள்? காஞ்சிபுரம் பக்கம் மழை பிடித்துவிட்டால் வளைகளில் தண்ணீர் புகுந்துவிடும். பாம்புகள் மேடு தேடிக் கிளம்பி, கிணற்றடி, விறகுக் குவியல், மாட்டுக் கொட்டகை என்று வந்து சேரும். ஒருவர் கம்பைத் தேடுவார். இன்னொருவர் நாகாத்தம்மனுக்குப் பாலும் முட்டையும் வைப்பதாக வேண்டிக்கொள்வார். விவரம் தெரிந்தவர் மட்டும் "இருளரைக் கூப்பிடுங்கள்" என்பார்.

யார் இந்த இருளர்கள்? காஞ்சிபுரம், செங்கல்பட்டு, திருவள்ளூர் மாவட்டங்களில் பரவலாக வாழும் பழங்குடி மக்கள். வயல் எலிகளைப் பிடிப்பது, எலி வளையில் சேர்ந்திருக்கும் நெல்லைத் தோண்டி எடுப்பது, மூலிகை சேகரிப்பது, பாம்பு பிடிப்பது எல்லாம் இவர்கள் தலைமுறை தலைமுறையாகச் செய்துவந்த வேலைகள். கையில் ஒரு கடப்பாரை போதும். மண்ணில் உள்ள தடத்தையும், வளை வாயில் கிடக்கும் எச்சத்தையும், உரித்த சட்டையையும் வைத்தே உள்ளே இருப்பது என்ன பாம்பு என்று சொல்லிவிடுவார்கள்.

வெள்ளைக்காரர் காலத்தில் செத்த பாம்புக்கு அரசாங்கமே சன்மானம் கொடுத்தது. பிறகு தோல் வியாபாரம் வந்தது. வெளிநாட்டில் பாம்புத்தோல் கைப்பைக்கும் காலணிக்கும் ஏகக் கிராக்கி. லட்சக்கணக்கான தோல்கள் கப்பல் ஏறின. இருளர்கள் பாம்பைப் பிடித்து, கொன்று, தோலை வியாபாரிகளிடம் விற்றார்கள். கொள்ளை லாபம் வியாபாரிக்கு. பிடித்தவருக்குக் கிடைத்தது சொற்பக் கூலி.

1972-ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1976-ல் பாம்புத்தோல் ஏற்றுமதிக்கும் தடை விழுந்தது. நல்ல சட்டம்தான். பாம்பு குறைந்தால் எலி பெருகும், எலி பெருகினால் நெல் போகும். ஆனால் சட்டம் பாம்பைக் காப்பாற்றியது, பாம்பை நம்பிப் பிழைத்தவர்களை யார் காப்பாற்றுவது?

இதற்கு விடை தேடியவர்களில் முக்கியமானவர் ரோமுலஸ் விட்டேகர். அமெரிக்காவில் பிறந்து இந்தியாவில் வளர்ந்தவர். சென்னைப் பாம்புப் பண்ணையை நிறுவியவர். இருளர்களிடமிருந்தே நிறையக் கற்றுக்கொண்டவர். அவர் துணையோடு 1978-ல் இருளர் பாம்பு பிடிப்போர் தொழிற்கூட்டுறவு சங்கம் பிறந்தது. இடம், மாமல்லபுரத்துக்கு அருகே வடநெம்மேலி. (அந்த ஊர் அப்போது செங்கல்பட்டு மாவட்டம், 1997 முதல் 2019 வரை காஞ்சிபுரம் மாவட்டம், இப்போது மறுபடியும் செங்கல்பட்டு மாவட்டம்!)

சங்கத்தின் வேலை இதுதான். வனத்துறை அனுமதி தரும் எண்ணிக்கைக்குள் நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கை மட்டும் பிடிப்பார்கள். மண்பானையில் மணல் பரப்பி, வாயைத் துணியால் கட்டிப் பத்திரமாக வைப்பார்கள். மூன்று, நான்கு வாரங்களில் சுமார் நான்கு முறை விஷம் எடுத்து, அடிவயிற்றுச் செதிலில் அடையாளம் செய்து, மீண்டும் காட்டில் விட்டுவிடுவார்கள். அந்த அடையாளம் இருக்கும்வரை அதே பாம்பை மறுபடி பிடிக்கமாட்டார்கள்.

வணிகவியல் கணக்காகப் பார்த்தால் விஷயம் சுலபமாகப் புரியும். தோலை விற்பது முதலையே தின்பது. விஷத்தை விற்பது முதலை வைத்துக்கொண்டு வட்டியில் பிழைப்பது. அதே பாம்பு, அதே பிடிக்கும் கை. மாறியது விற்ற சரக்கு மட்டும்தான். அதோடு, தரகர் இருந்த இடத்தில் உறுப்பினர்களின் சொந்தச் சங்கம் வந்தது.

இந்த விஷம் எங்கே போகிறது? உலர்த்திப் பொடியாக்கி மருந்துக் கம்பெனிகளுக்கு விற்கிறார்கள். அங்கே அதைச் சிறிது சிறிதாகக் குதிரைகளுக்குச் செலுத்தி, குதிரையின் ரத்தத்தில் உருவாகும் எதிர்ப்பொருளைப் பிரித்து மருந்தாக்குகிறார்கள். பிரெஞ்சு மருத்துவர் ஆல்பெர்ட் கால்மெட் 1890-களில் தொடங்கிவைத்த முறைதான் இது. இந்தியாவில் பாம்புக்கடியால் ஆண்டுக்குச் சராசரியாக 58,000 பேர் இறக்கிறார்கள் என்று 2000 முதல் 2019 வரையிலான காலத்தை ஆராய்ந்தவர்கள் கணக்கிட்டார்கள். பெரும்பாலும் கிராமத்து மக்கள். அவர்களைப் பிழைக்கவைக்கும் மருந்துக்கான விஷத்தில் பெரும்பங்கு பல ஆண்டுகளாக வடநெம்மேலியிலிருந்தே போனது.

இருளர்களின் திறமை கடல் தாண்டியும் போனது. 2017-ல் அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் பெருகிவிட்ட மலைப்பாம்புகளைப் பிடிக்க மாசி சடையனும் வடிவேல் கோபாலும் அழைக்கப்பட்டார்கள். முதல் சில நாட்களிலேயே பத்துக்கும் மேற்பட்ட மலைப்பாம்புகளைப் பிடித்துக் காட்டினார்கள். 2023-ல் இருவருக்கும் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது.

ஆனால் விருதால் மட்டும் வயிறு நிறையாது. பாம்பு பிடிக்க அனுமதி தாமதமானால் வருமானமும் நின்றுவிடும். மருந்து வேண்டும் என்று கேட்கிற நாடு, அதன் முதல் கண்ணியான இந்த மக்களுக்கு ஒழுங்கான வேலைக்கு உறுதி தரவேண்டாமா?

அதுவரை, கொல்லையில் பாம்பைப் பார்த்தால் செய்யவேண்டியது எளிது. கம்பை எடுக்காமல் விலகி நின்று, தீயணைப்புத் துறைக்கோ பாம்பு பிடிக்கத் தெரிந்தவருக்கோ சொல்லுங்கள். கடித்துவிட்டால் கீறாதீர்கள், இறுக்கிக் கட்டாதீர்கள், மந்திரிக்க ஓடி நேரத்தை இழக்காதீர்கள். நேராக அரசு மருத்துவமனைக்குப் போங்கள். அங்கே ஏற்றப்படும் மருந்தின் பின்னால், கொல்லாமல் பிடித்துக் காட்டில் விடப்பட்ட பாம்புகளும், அவற்றைப் பிடித்த இருளர்களும் இருக்கிறார்கள்.