சோளகம்: ஒரு மலைக்காரன் எடுத்த கடல் குறிப்புகள்

எங்க ஊர் சோளக்காடு, கொல்லிமலை மேல இருக்கு. காரவள்ளி அடிவாரத்திலிருந்து 70 கொண்டை ஊசி வளைவு ஏறணும். கடலுக்கும் எங்களுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. அப்புறம் எதுக்குப் பாய்க்கப்பல் பற்றி ஒரு கட்டுரை? எல்லாம் ஒரு அகராதி செய்த வேலை.

ஊர்ப் பெயரைப் பற்றிக் குறிப்பு எடுப்பதற்காக 'சோள' என்று தொடங்கும் சொற்களை ஒருநாள் தேடிக்கிட்டிருந்தேன். அப்போது கண்ணில் பட்டது 'சோளகம்'. தெற்கிலிருந்து வீசும் காற்று. யாழ்ப்பாணத்துக் கடற்கரையில் தென்மேற்குப் பருவக்காற்றுக்கு அதுதான் பெயர். சோளத்துக்கும் சோளகத்துக்கும் ஒரே வேர் என்று நான் சொல்ல வரவில்லை. அந்த வம்பு வேண்டாம். ஆனால் அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டு போனதில் வல்வெட்டித்துறைக்குப் போய்ச் சேர்ந்தேன்.

பாய்ப்படகிலேயே குடியிருந்து, சூடான கடல்களில் துறை துறையாகப் போகும் வெள்ளைக்காரத் தம்பதிகளின் வீடியோக்களை நீங்களும் பார்த்திருப்பீங்க. நானும் ராத்திரி வேலை முடிந்ததும் பார்ப்பேன். அந்த வாழ்க்கைமுறைக்கு முன்னோடிகளில் ஒருவர் வில்லியம் ஆல்பர்ட் ராபின்சன் என்ற அமெரிக்கர். 1928ல் 'ஸ்வாப்' என்ற 32 அடிப் படகில் புறப்பட்டு, 1931ல் உலகைச் சுற்றி முடித்தார். பயணத்தின் பெரும்பகுதியில் கூட இருந்தவர் ஏட்டேரா என்ற தஹிதித் தீவுக்காரர். அடுத்த வருடமே ராபின்சனின் புத்தகம் வந்தது, பெயரும் கிடைத்தது.

இந்த ராபின்சன் பின்னாளில் வாங்கிய ஒரு கப்பல்தான் நம்ம கதை.

அதன் பெயர் அன்னபூரணி. வல்வெட்டித்துறையில் கட்டியது. இரண்டு பாய்மரம், சுமார் 90 அடி நீளம். கட்டியவர் சுந்தர மேஸ்திரியார் என்று ஊரார் சொல்கிறார்கள். ராபின்சன் அதை விலைக்கு வாங்கி, மனைவியின் பெயரால் 'ஃபுளோரன்ஸ் சி. ராபின்சன்' என்று மாற்றினார். 1937ல் வல்வெட்டித்துறையை விட்ட கப்பல், அரபிக்கடல், செங்கடல், சூயஸ் கால்வாய், மத்தியதரைக் கடல், அட்லாண்டிக் என்று கடந்து 1938 ஆகஸ்டில் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் குளோஸ்டர் துறைமுகத்தை அடைந்தது.

இதை முதல்முறை என் குறிப்பேட்டில் எழுதியபோது, "ராபின்சன் அமெரிக்காவுக்கு ஓட்டிச் சென்ற கப்பல்" என்று எழுதி வைத்திருந்தேன். முன்பு என்னோடு வேலை பார்த்த ஒரு வடமராட்சிக்காரர் இப்போது டொரொண்டோவில் இருக்கிறார். அவரிடம் பெருமையாகச் சொன்னேன். அவர் ஒரு கேள்விதான் கேட்டார்: "வாங்கினது அவர்தான், சரி. ஓட்டினது ஆர் எண்டு பாத்தனீங்களோ?"

பார்க்கவில்லை என்பதுதான் உண்மை.

கப்பலைக் கொண்டுபோய்ச் சேர்க்க ராபின்சன் தரப்பில் ஒரு கேப்டன் வந்தார். பாயைக் கட்டி, அவிழ்த்து, இரவும் பகலும் முறை மாற்றி நின்றவர்கள் வல்வெட்டித்துறைத் தமிழர்கள். அவர்களுக்குத் தலைவர் தண்டையல் தம்பிப்பிள்ளை. தண்டையல் என்றால் கப்பலை நடத்துபவர். தூத்துக்குடியில் 'தண்டல்' என்பார்கள். ஆங்கிலேயர் கப்பல்களில் வழங்கிய 'டிண்டல்' என்ற பதவிப் பெயரும் இந்தச் சொல்லிலிருந்து போனதுதான்.

இவர்களுக்கு இந்தப் பயணத்தில் எது புதுசு என்று யோசித்துப் பார்த்தேன். அட்லாண்டிக்கின் அலையும் குளிரும் புதுசு. மாதக்கணக்கில் கப்பலிலேயே வாழ்வது புதுசு இல்லை. யாழ்ப்பாணத்துத் தோணிகள் பர்மாவிலிருந்து அரிசி ஏற்றி வந்தவை. யாழ்ப்பாணப் புகையிலையைத் திருவிதாங்கூருக்குக் கொண்டுபோனவை. எஞ்சின் கிடையாது. ஆகவே நாள்காட்டியே காற்றுதான். சோளகம் தொடங்கும்போது அதை முதுகில் வாங்கிக்கொண்டு வங்கக்கடலில் வடகிழக்கே போகலாம். வாடை பிறந்ததும் திரும்பலாம். காற்று மாறும்வரை ஏதாவது ஒரு துறையில் காத்துக் கிடக்கணும். அந்தக் காத்திருப்பையும் சேர்த்தால்தான் ஒரு பயணம். நாம் 'லிவ்-அபோர்டு' என்று புதுசாகச் சொல்வதை இவர்கள் பிழைப்பு என்று சொன்னார்கள்.

காற்றுக் கணக்கு எப்போதும் நமக்குச் சாதகமாக வராது. செங்கடலின் வடபாதியில் வருடம் முழுக்கப் பெரும்பாலும் வடமேற்கிலிருந்துதான் காற்று. சூயஸ் நோக்கிப் போகும் பாய்க்கப்பலுக்கு அது நேர் எதிர்க்காற்று. எதிர்க்காற்றில் நேராகப் போக முடியாது. ஒரு பக்கம் சாய்ந்து ஓடி, திருப்பி, மறுபக்கம் சாய்ந்து ஓடணும். எங்க மலைப்பாதை மாதிரியேதான். நேராக ஏற முடியாத சரிவை வளைந்து வளைந்து ஏறுகிறோம் இல்லையா? வித்தியாசம் என்னவென்றால், கடலில் ஒவ்வொரு வளைவுக்கும் பாய்களை ஆட்கள் கையால் இழுத்துத் திருப்பணும். எத்தனை வளைவு என்று பலகை எழுதி வைக்கவும் யாரும் இல்லை.

கப்பல் போய்ச் சேர்ந்தபோது அமெரிக்கப் பத்திரிகைகளில் செய்தி வந்தது. ராபின்சன் தன் பயணங்களைப் பற்றிப் பல புத்தகங்கள் எழுதியவர். அந்தக் கப்பலில் வாழ்ந்தவர்கள் எழுதிய நாட்குறிப்பு ஒன்று கிடைத்தால் என் சேமிப்பில் இருப்பதையெல்லாம் கொடுத்துவிடுவேன். செங்கடல் வெயிலில் தண்ணீரை எப்படிப் பங்கிட்டார்கள்? சோற்றுக்கு அரிசி எந்தத் துறையில் தீர்ந்தது? பனைமரம் தெரியாத கரையை முதலில் பார்த்தபோது என்ன பேசிக்கொண்டார்கள்? வரலாறு பொய் சொல்வதில்லை என்கிறோம். ஆனால் எழுதினவன் பக்கமாக அது சாய்ந்து ஓடும். என் குறிப்பேட்டில் அந்த ஒரு வரி எவ்வளவு எளிதாகத் தப்பாகப் போனது பாருங்கள்! கப்பலுக்கு இருந்த இரண்டு பெயரும் எனக்குத் தெரிந்திருந்தது. தண்டையலின் பெயரைத் தேடணும் என்றே தோன்றவில்லை.

குறிப்பேட்டில் அந்த வரியை அடித்துவிட்டு இப்படித் திருத்தியிருக்கிறேன்: "ராபின்சன் வாங்கிய கப்பல், தண்டையல் தம்பிப்பிள்ளையும் கூட்டாளிகளும் கொண்டுபோய்ச் சேர்த்தது."

இதை எழுதும் இன்று சோளக்காட்டில் நல்ல காற்று. வீட்டுத் தகரம் படபடக்குது. தென்மேற்கிலிருந்துதான் வீசுகிறது. இத்தனை வருஷமாக இதற்கு ஒரு பெயர் இருப்பது எனக்குத் தெரியாது.

தோணியில் போன தாத்தாவோ பெரியப்பாவோ உங்க வீட்டில் இருந்தால், அவர் எந்தத் துறையில் எத்தனை மாதம் காத்திருந்தார் என்று மட்டுமாவது கேட்டு எழுதி வையுங்க.